கடைவாய்க் குளிர்

என் முன்னே ஒருவர் பொய் சொன்னால் என் இடது கீழ்க் கடைவாயில் குளிர் ஏறும். ஐஸ்பழத்தைப் பல்லால் கடித்தவுடன் எழுகிற கூச்சம் போன்றது அது. சிறிய பொய்க்குப் பல்லோடு நின்றுவிடும். பெரிய பொய்க்குத் தாடை வழியே காது வரை வரும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். மீன் வியாபாரி "விடியப் பிடிச்ச மீன் அக்கா" என்று சொல்லும்போது அம்மா கன்னத்தைப் பொத்தாமல் பேரம் பேசுவதை அவருடைய பொறுமை என்று கருதினேன்.

யுத்த காலத்தில் திருகோணமலையில் வளர்ந்த பிள்ளைக்கு இது நல்ல துணையல்ல. "ஒண்டும் நடக்காது, படுங்கோ" என்று அப்பா சொன்ன எந்த நாளிலும் நான் நிம்மதியாகப் படுத்ததில்லை.

உயர்தர வகுப்பில் சேர்ந்த ஆண்டில் எங்கள் பகுதியில் ஒரு சுற்றிவளைப்பு நடந்தது. எல்லோரையும் பாடசாலை மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். ஜீப் ஒன்றில் தலையில் சாக்கு மூடிய ஒருவர் அமர்ந்திருந்தார். சாக்கில் கண்களுக்கு மட்டும் துளைகள். அப்படிப்பட்டவரைத் தலையாட்டி என்போம். நாங்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் நடந்து போகவேண்டும். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளை லொறியில் ஏற்றுவார்கள். அன்று அவர் தலையாட்டிய ஒவ்வொரு முறையும் என் கடைவாய் உறைந்தது. அவருக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது. யாரையாவது காட்டினால்தான் தன்னை விடுவார்கள் என்று மட்டும் தெரிந்திருந்தது. நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றேன்.

ஜீப்பின் அருகே வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் நின்றார். அவர் நடந்து போகிறவர்களைப் பார்க்கவில்லை, காத்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வருமுன் அவர் என்னிடம் வந்தார்.

"பல் நோவோ, தங்கச்சி?"

"ஓம்."

"அவர் தலையாட்டேக்க மட்டும் நோகுதோ?"

கன்னத்திலிருந்து கையைச் சட்டென்று எடுத்தேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

சில நாட்களின் பின் இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைச் சோதிக்கிறோம் என்றார்கள். அம்மா வாசலில் நின்று தயங்கியபோது, அவர்களில் ஒருத்தி அவருடைய கையைப் பிடித்து, "பொழுதுபட முன்னம் கொண்டந்து விடுவம், அம்மா" என்றாள். குளிர் என் காதைத் தாண்டிக் கழுத்துக்குள் இறங்கியது. சீருடையோடு போனேன்.

அந்த இடம் துறைமுகத்தின் பின்புறம், மரங்கள் மூடிய மேட்டின் சரிவில் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் எதற்கோ கட்டிய தடித்த சுவர்கள்; சுவருக்குள்ளிருந்து எண்ணெய் நாற்றம் போகவே இல்லை. குசினியிலிருந்து கொட்டும் சோற்றுக் கழிவைத் தின்ன மான்கள் வரும். குளியலறையின் உயரமான ஜன்னலில் தொங்கினால் மூதூர்ப் படகு போவது தெரியும். படகில் இருக்கிறவர்கள் எங்கள் பக்கம் பார்த்தால் காடுதான் தெரிந்திருக்கும்.

அங்கே பொறுப்பாக இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். எங்களை நீங்கள் என்றே அழைப்பார். நான் அறிந்த மனிதர்களில் பொய்யே சொல்லாத ஒரே ஆள் அவர். முதல் நாள் என்னைக் கதிரையில் இருத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"இந்தப் பல்லைப் பிடுங்கிப் பாக்க வேணும், தங்கச்சி. குளிர் பல்லில இருக்கோ, வேற எங்கயாவது இருக்கோ எண்டு எங்களுக்குத் தெரிய வேணும்."

"விறைக்க ஊசி போடுவியளோ?"

"இல்லை. ஊசி போட்டா முடிவு பிழைச்சுப் போகும். நல்லா நோகும்."

குளிர் வரவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. பிடுங்கி முடித்ததும், எனக்கு முன்னே ஓர் ஆளை நிறுத்தி, தன் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லச் செய்தார்கள். சில பெயர்கள் உண்மை, சில பொய். இரத்தம் வழிந்த அந்தப் பள்ளத்தில் குளிர் சரியாக ஏறியது. மருத்துவர் மகிழ்ந்து போனார். "அப்ப பல்லில இல்லை" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, தம் கையாலேயே என் வாயில் பஞ்சு வைத்துவிட்டார்.

என்னோடு அங்கே இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவன் கிண்ணியாவைச் சேர்ந்தவன்; என்னைவிடச் சற்று மூத்தவன். அவனுடைய உடலில் எந்த வெட்டும் மாலைக்குள் மூடிவிடும். காலையில் கத்தியால் கீறுவார்கள். பொழுது சாயும்போது அங்கே வெளிறிய கோடு மட்டும் இருக்கும். ஒவ்வொரு கிழமையும் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கியது.

"இறைச்சிக் கடையிலயும் ஒரு நாளைக்கு லீவு குடுப்பாங்க புள்ள. இங்க அதுவும் இல்ல" என்பான். "மாட்டுக்கு ஒருக்காத்தான் சாவு. எனக்குப் பாரு, தினம் அறுக்கிறாங்க, தினம் உயிரோட இருக்கன்."

ஒரு நாள் அவனுடைய சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். திரும்ப முளைக்குமா என்று பார்ப்பதற்காக. முளைக்கவில்லை. தோல் மட்டும் வந்து அழகாக மூடிக்கொண்டது. "டொக்டரம்மாக்குச் சரியான கவல" என்று அந்தக் கையை உயர்த்திக் காட்டினான். அன்று மட்டும் அவன் சிரிக்கவில்லை.

மற்றவள் சல்லிக் கிராமத்து மீனவப் பிள்ளை. பதினான்கு வயது இருக்கும். சல்லியில் அனுபவமுள்ளவர்கள் துடுப்பைக் கடலுக்குள் இறக்கி, அதன் பிடியைக் காதோடு வைத்து மீன் கூட்டத்தின் சத்தம் கேட்பார்கள். இவளும் தகப்பனோடு தோணியில் போய் அப்படிக் கேட்டுப் பழகியவள். ஆனால் மற்றவர்களுக்கு மீன் மட்டும் கேட்டது. இவளுக்கு நீரடியில் இருக்கிற எல்லாம் கேட்டது. கல், இரும்பு, அறுந்த வலை, நீந்துகிற மனிதனின் நெஞ்சடிப்பு. எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் என்றும் சொல்வாள். ஊரில் அதைப் பெருமையாகப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு கடற்கரைக் காவலரணுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்திருந்தது.

அந்தக் காலத்தில் கப்பல்களுக்கு வெடி கட்ட நீரடியால் நீந்தி வருபவர்களைப் பற்றிய பயம் துறைமுகத்தில் பெரிதாக இருந்தது. அவர்களைக் கொல்லக் காவல் படகுகள் கடலுக்குள் வெடி எறியும். ஒவ்வொரு வெடிக்கும் நகரில் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி அதிரும். இவளைக் காவல் படகின் முன்முனையில், அணியத்தில் இருத்தி, துடுப்போடு கடலைக் கேட்க வைப்பதுதான் அவர்களுடைய திட்டம். நீருக்குள் காது வைத்திருப்பவளுக்குப் பக்கத்தில் வெடி எறிந்தால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டேன்.

"முதல் வெடியில காது போகலாம். அல்லது ஆளே போகலாம். அதுக்கிடையில எத்தினை கப்பலைக் காப்பாத்துவாள் எண்டுதான் அவையள் பாப்பினம்."

"எப்ப படகில ஏத்துவியள்?"

"மாரி முடிஞ்சு கடல் அடங்கினதும்."

இதற்கும் குளிர் இல்லை.

எங்களுக்குத் திட்டம் சொல்லித் தந்தவன் கிண்ணியாப் பையன்தான். எங்களுக்கு முன் அங்கே திரியாயைச் சேர்ந்த ஒரு பிள்ளை இருந்ததாம். கடும் காய்ச்சலுக்குப் பின் அதன் ஆற்றல் போய்விட்டதாம். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அவன் என் முன்னிலையில் மருத்துவரைக் கேட்டான். "வீட்டுக்கு அனுப்பினம். ஒண்டும் இல்லாத பிள்ளைக்கு நாங்கள் ஏன் சோறு போட வேணும்?" என்றார் அவர். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கன்னத்தைத் தொடவில்லை. உண்மை.

அன்று மதியம் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் சல்லிப் பிள்ளையிடம் சொன்னான்: "எனக்கு ஏலாது. என்ட தோலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒனக்கு ஏலும் புள்ள. காது கேக்கல்ல எண்டு சொல்லு. இவ பக்கத்தில இருந்து, ஓம், உண்மைதான் சொல்றா எண்டு சொல்லட்டும்."

"அக்கா பிடிபட்டா?" என்று சல்லிப் பிள்ளை கேட்டாள்.

"அக்காவையும் அறுப்பாங்க. நான் பக்கத்துக் கட்டில்ல இடம் வெச்சிருக்கன்."

அவள் சிரித்துச் சோறு புரையேறி இருமினாள். முடிவு அப்படித்தான் எடுக்கப்பட்டது.

மேட்டின் அடியில் ஒரு சிறிய இறங்குதுறை இருந்தது. அங்கே காலையில் நீருக்குள் எதையாவது இறக்கி வைத்து, அவளைத் துடுப்போடு அனுப்புவார்கள். மருத்துவர் கதிரையில் இருப்பார்; நான் அவருக்குப் பக்கத்தில் நிற்பேன். அவள் சொல்வது உண்மையா என்று சொல்வது என் வேலை. முதலில் தூரத்தில் உள்ளவற்றைத் தவறவிட்டாள். பிறகு கல்லுக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றாள். அவசரப்படாமல், கெட்டித்தனமாகச் செய்தாள். சளி பிடித்தது காதைக் கெடுத்துவிட்டதென்று முன்கூட்டியே இருமியும் வைத்திருந்தாள்.

"வடக்குப் பக்கம் ஒண்டும் கேக்கேல்லை, அம்மா."

கடைவாய்ப் பள்ளத்தில் குளிர் குத்தும். நான் கைகளைக் கட்டிக்கொண்டு, "உண்மை" என்பேன். மருத்துவர் தலையசைப்பார். தாடையை இறுக்காமல், கண்ணைச் சிமிட்டாமல் வலியைத் தாங்கப் பழகிக்கொண்டேன். சல்லிப் பிள்ளை வீட்டுக்குப் போவது என் முகம் அசையாமல் இருப்பதில் தங்கியிருந்தது. மாரி மெலிந்துகொண்டு வந்தது.

மருத்துவர் கோபப்படவில்லை. மாறாக, அவளோடு இன்னும் அன்பாக இருந்தார். பின்னேரங்களில் அவளை முன்னால் இருத்தி, தலையில் பேன் பார்த்து, எண்ணெய் வைத்து வாருவார். வாரிக்கொண்டே ஊர்க் கதை கேட்பார். சல்லியில் அம்மன் கோயில் திருவிழா எப்படி? தோணியை முதல்முதல் இறக்கும்போது என்ன செய்வீர்கள்? கடலுக்குப் போகிறவரிடம் என்ன கேட்கக்கூடாது? அவள் வாய் ஓயாமல் சொல்வாள். ஊரைப் பற்றிக் கேட்க அவளுக்கு அங்கே வேறு யாரும் இருக்கவில்லை. நான் அருகில் இருந்தும் எதையும் உணரவில்லை. கேள்வியில் பொய் இருக்க முடியாது. கேள்விக்குக் குளிர் வருவதில்லை.

பெருமழை ஓய்ந்த ஒரு காலையில் எங்களை இறங்குதுறைக்கு அழைத்துப் போனார்கள். கடல் கண்ணாடி போலக் கிடந்தது. "இதுதான் கடைசிச் சோதினை. இண்டைக்கும் கேக்காட்டி உங்களை வீட்டுக்கு விடுவன்" என்றார் மருத்துவர். குளிர் வரவில்லை. அவளைப் பார்க்காமல் என் வழக்கமான இடத்தில் போய் நின்றேன்.

அவள் துறையின் விளிம்பில் குந்தி, துடுப்பை இறக்கி, பிடியைக் காதின் பின்னெலும்பில் வைத்தாள். வழக்கத்தைவிட நீண்ட நேரம் வைத்திருந்தாள். அவளுடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"ஒண்டும் கேக்கேல்லை."

"ஒண்டுமே இல்லையோ?"

"இல்லை, அம்மா. வெறுந் தண்ணி."

அன்று வந்த குளிரைப் போல ஒன்றை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. இடக்கண் வரை ஏறியது. "உண்மை" என்றேன். குரல் சரியாகவே வந்தது.

மருத்துவர் எழுந்தார். "சரி, வாங்கோ பிள்ளை. போவம்."

சல்லிப் பிள்ளை துடுப்பை மேலே எடுத்தாள். எழும்பித் திரும்புவதற்கு முன், அவளுடைய வலது கை கீழே போய், கடலில் ஒரு கை நீர் அள்ளி, அதை மெதுவாகக் கடலிலேயே விட்டது. பிறகு எழுந்து எங்களை நோக்கி வந்தாள். முகத்தில் மகிழ்ச்சியை மறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். தன் கை என்ன செய்தது என்று அவளுக்கே தெரியாது.

மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெஞ்சில் விட்டார்.

"தலை வாரேக்க நீங்கள்தான் சொன்னனீங்கள்" என்றார். "கடலுக்கடியில பிணம் கிடந்தா, உங்கட ஆக்கள் ஒரு கை தண்ணி அள்ளி விடாமல் அந்த இடத்தை விட்டுப் போகமாட்டினம் எண்டு. அள்ளாமல் போனா செத்தவர் தோணிக்குப் பின்னால வருவார் எண்டு."

அவள் தன் ஈரக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். கணுக்காலில் கயிறு கட்டிய ஓர் இளைஞனின் உடல் நீரிலிருந்து வெளியே வந்தது. அவன் யார், எங்கே செத்தான், இதற்காகவே செத்தானா என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் மருத்துவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

"நெஞ்சடிப்பு இல்லாத ஆளையும் கேக்குதே" என்று மருத்துவர் அவளுடைய தலையைத் தடவினார். "இது எங்களுக்கே தெரியாது. நாங்கள் நினைச்சதைவிட நீங்கள் நல்ல கெட்டிக்காரி."

அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். துடைத்தபடியே குந்திவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாளே அவளை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள், கடல் அடங்கியிருந்தது.

என்னைக் கதிரைக்குத்தான் கொண்டுபோவார்கள் என்று எதிர்பார்த்தேன். மருத்துவர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் தந்தார்.

"நீங்கள் எவ்வளவு நாளாப் பொய் சொன்னியள் எண்டு எனக்குத் தெரியாது. அப்ப நீங்கள் சொன்ன ஒண்டையும் நம்ப ஏலாது. அளவுகோல் தன்ர பாட்டில நீண்டு சுருங்கினா, அதை வைச்சிருந்து என்ன செய்யிறது? வீட்டுக்குப் போங்கோ."

"அவளை?"

"அவளை நம்பலாம். அவளின்ர கை பொய் சொல்லாது."

அவ்வளவுதான். பொய் சொன்னவளை விட்டார்கள். பொய் சொல்ல முடியாமல் போனவளை வைத்துக்கொண்டார்கள். நான் புறப்பட்டபோது கிண்ணியாப் பையன் கதவின் இடுக்கால் கூப்பிட்டான். "போ புள்ள. இந்தப் பக்கம் திரும்பியும் பாக்காத. எங்கட உம்மாட்டப் போய், நான் நல்லா இருக்கன் எண்டு மட்டும் சொல்லு." அந்தச் சிறிய பொய்க்குக் கடைவாய் லேசாகக் குளிர்ந்தது. நான் போய் அப்படியே சொன்னேன்.

என் சீருடையைத் தோய்த்து, மினுக்கி, அதை அணிவித்து பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அயலவர்களுக்குக் கண்டி ஆஸ்பத்திரி என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். ஒவ்வொருவரும் வந்து நலம் விசாரித்தபோது அதே பொய்யை என் பக்கத்தில் இருந்தே சொன்னார்.

அம்மாவுக்குத் தெரியாமல் சைக்கிளில் சல்லிக்குப் போனேன். அந்தப் பிள்ளையின் தாய் கடற்கரை மணலில் நெத்தலி காயவைத்துக்கொண்டிருந்தார். தகப்பன், மகளைத் தேடிப் போய் எங்கேயோ அடிவாங்கி, எழும்ப முடியாமல் வீட்டுக்குள் படுத்திருந்தார். நான் எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றையும் விடாமல் சொன்னேன். தாய் மீனைப் புரட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே காகங்களை விரட்டினார். நான் முடித்ததும், மீனைப் புரட்டுவதை நிறுத்தினார்.

"உங்களுக்கு இப்பவும் அது வேலை செய்யுதோ?"

"ஓம்."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ. வேலை செய்யுது, இனிப் பொய் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ. உங்களைப் பிடிச்சுக்கொண்டு என்ர பிள்ளையை விடட்டும்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார், அதை என் கடைவாயும் ஏற்றுக்கொண்டது.

அடுத்த நாள் இருவரும் பஸ்ஸில் போனோம். துறைமுக வீதியின் வாயிற் காவலில் நின்றவன் புதியவன். இன்னும் மீசை சரியாக முளைக்காதவன். திக்கித் திக்கித் தமிழ் பேசினான். நான் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. பொறுமையாக இரண்டாம் தரமும் சொன்னேன். உள்ளே போய்த் தொலைபேசியில் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தான்.

"இங்க பிள்ளைகள் இல்ல, அம்மா. அந்த மாதிரி இடம் ஒண்டும் இல்ல. யாரோ பிழையாச் சொல்லியிருக்கு."

வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் குளிர் வரவேண்டும் என்று விரும்பினேன். இது பொய்யென்றால் அவனுக்கு அவளைத் தெரியும். தெரிந்தால் அவள் உள்ளே இருக்கிறாள். நான் நாக்கால் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தேன். குளிர் இல்லை. அவனுக்குச் சொன்னதை அவன் நம்பிச் சொன்னான்.

"பொய்தானே சொல்லுறான்?" என்று தாய் என் கையைப் பிடித்தார். "சொல்லுங்கோ, பிள்ளை. பொய்தானே?"

"அவருக்குத் தெரியாது, அம்மா. அவருக்குச் சொன்னதை அவர் சொல்லுறார்."

"அதைக் கேக்கேல்லை. பொய்யோ, இல்லையோ?"

"இல்லை."

அவர் கையை விட்டுவிட்டார். திரும்பி வரும்போது தனியே முன்னால் நடந்தார். பஸ்ஸில் இடம் இருந்தும் என் பக்கத்தில் இருக்கவில்லை.

அவர் நாள்தோறும் அந்த வாயிலுக்குப் போவதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். காவலர்கள் மாறுவார்களாம்; பதில் மாறாதாம். ஒரு நாள், நானும் கூட வருகிறேன் என்று சொல்ல மறுபடியும் சல்லிக்குப் போனேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட நின்றார். என்னை இருக்கச் சொல்லவில்லை.

"வேண்டாம்" என்றார். "நான் தனியப் போய்க் கேட்டா, அவங்கள் பொய் சொல்லுறாங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு திரும்பி வருவன். நீ வந்தா எனக்கு அதுவும் இல்லாமல் போயிடும்."